நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்

எங்கள் அலுவலகத்துக்கு நல்ல சேதி சொல்ல யாரும் போன் பண்ணியதே இல்லை. வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் அது மக்கர் பண்ணினால்தான் எங்களை நினைப்பார்கள். பத்தொன்பது வருஷமாக நான் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். காதில் ஹெட்போனும் கையில் ஆறிப்போன டீயுமாக, ஊரார் வீட்டு அழுக்குத்துணிக் கதையைக் கேட்டுக் கேட்டே பாதித் தலை நரைத்துவிட்டது. மீதிப் பாதியை நரைக்க வைத்தது ஸ்பானிஷ்.

கம்பெனி போன வருஷம் ஸ்பானிஷ் பேசுகிற நாடுகளுக்கு மெஷின் விற்க ஆரம்பித்தது. விற்றால் புகார் வரும், புகார் வந்தால் பேச ஆள் வேண்டும். வெளியாளை எடுப்பானேன், இருக்கிறதுகளுக்கே சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று மேலாளருக்கு யோசனை தோன்றியது. பன்னிரண்டு பேரைப் பிடித்து, செவ்வாயும் வியாழனும் மூன்று மணிக்கு, மாடியில் பழைய மோட்டார்களைப் போட்டு வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அதில் பதினோரு பேர் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள். பன்னிரண்டாவது ஆள் நான், ஐம்பத்தொன்று. என் பக்கத்து நாற்காலியில் கிளி. எதைச் சொன்னாலும் ஒரே தடவையில் திருப்பிச் சொல்லிவிடும் பெண் என்பதால் அந்தப் பெயர். எனக்கு அவள் ஒருத்தி போதும், மானத்தை வாங்க.

நாலாவது மாதம் எங்கள் ஸ்பானிஷ் மிஸ் ஒரு இறந்த காலத்தைக் கொண்டுவந்து பலகையில் எழுதினார். அதற்கு முன்பே ஒரு இறந்த காலம் படித்தாயிற்று, அது ஒரு தடவை நடந்து முடிந்த காரியத்துக்கு. இது வேறு. வழக்கமாக நடந்துகொண்டிருந்ததற்கு, நாள் தவறாமல் செய்துவந்ததற்கு. உங்கள் வேலைக்கு இதுதான் சோறு போடும் என்றார் மிஸ். உண்மைதான். எந்த வாடிக்கையாளரும் மெஷினுக்கு இப்போது என்ன கேடு என்று சொல்ல மாட்டார். போன மாசம் வரைக்கும் நல்லாச் சுத்திக்கிட்டிருந்தது, சத்தமே போடாது, தண்ணி தானா வடிஞ்சிடும் என்று அதன் பழம்பெருமையைத்தான் அரை மணி நேரம் பாடுவார்கள்.

வினைச்சொல்லின் வாலை வெட்ட வேண்டும். வால் 'ஆர்' என்றிருந்தால் அந்த இடத்தில் ஆபா, ஆபாஸ், ஆபா, ஆபாமோஸ், ஆபாய்ஸ், ஆபான். 'எர்', 'இர்' என்றிருந்தால் இயா, இயாஸ், இயா, இயாமோஸ், இயாய்ஸ், இயான். லவார் என்றால் துவைப்பது, லவாபா என்றால் துவைத்துக்கொண்டிருந்தேன். கொமேர் என்றால் சாப்பிடுவது, கொமியா என்றால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மொத்த மொழியிலும் மூன்றே மூன்று சொற்கள்தான் இதற்கு அடங்காதவை, மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கும் என்றார் மிஸ். எங்க வீட்டைவிடத் தேவலை என்று நான் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். அதுதான் வினை.

மிஸ்ஸிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதில் வினைச்சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிப் போட்டு வைத்திருப்பார். ஆளுக்குப் பத்துச் சீட்டு எடுக்க வேண்டும். பத்தையும் வைத்துச் சொந்தச் சிறுவயதைப் பற்றிப் பத்து வாக்கியம், அடுத்த வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தால் செல்லாது. அவரவர் வாழ்க்கையிலிருந்து சொன்னால்தான் நாக்கில் ஒட்டும் என்பது மிஸ்ஸின் கட்சி.

கிளிக்கு வந்ததெல்லாம் ஆடுவது, பாடுவது, குதிப்பது, நீந்துவது. எனக்கு வந்த பத்தையும் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். துவைப்பது, இஸ்திரி போடுவது, உலர்த்துவது, கொடியில் காயப்போடுவது, சுமப்பது, மாடி ஏறுவது, பெருக்குவது, தைப்பது, உதவுவது, தேய்ப்பது. எந்தத் தெய்வம் என் கையைப் பிடித்து அந்த டப்பாவுக்குள் விட்டதோ தெரியவில்லை.

ஏனென்றால் அந்தப் பத்தும் என் அக்காவின் சிறுவயது. எனக்கு ஒன்பது வயதில் அப்பா போனார். அம்மா ஒரு வீட்டில் படுக்கையில் கிடந்த கிழவரைப் பார்த்துக்கொள்ளப் போனாள். விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவாள். அக்காவுக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து அவளை நிறுத்தினார்கள். நாலு வீட்டுத் துணியை மூட்டையாகச் சுமந்து வந்து, எங்கள் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் துவைத்து, மொட்டை மாடியில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். நான் உள்ளே மேஜையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். என் சிறுவயதைச் சொல்ல மூன்று சொல் போதும். எஸ்துதியாபா, கொமியா, தொர்மியா. படித்தேன், தின்றேன், தூங்கினேன். கதை முடிந்தது.

அக்கா இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொண்டதில்லை. என் கல்யாணத்துக்கு வந்தவர்களிடம், என் மனைவியிடம், என் பிள்ளைகளிடம், எல்லோரிடமும் அவள் சொல்வது ஒன்றுதான்: "அவனுக்கு என்ன தெரியும், பாவம். புஸ்தகத்தை விரிச்சான்னா வீடு இடிஞ்சு விழுந்தாலும் திரும்பிப் பாக்க மாட்டான்." எனக்கு எதுவும் தெரியாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. நானும் அந்தப் பேச்சுக்குள்ளேயே நாற்பது வருஷம் சுகமாகக் குடியிருந்தேன்.

வியாழக்கிழமை என் முறை வந்தது. என் அக்கா துவைத்தாள் என்று சொல்லியிருக்கலாம். 'மி எர்மானா' என்ற இரண்டு சொல் எனக்குத் தெரியும், முதல் வாரமே படித்தது. இந்தக் காலத்தில் 'நான்' என்பதற்கும் 'அவள்' என்பதற்கும் வினை ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் தடுமாறிவிட்டது என்று பழியை மொழி மேல் போடலாம். அதுவும் பொய். நான் வாய் நிறைய, அறை முழுக்கக் கேட்கும்படி, 'யோ' என்றுதான் ஆரம்பித்தேன். யோ என்றால் நான்.

ஏன் சொன்னேன் என்று அதன்பின் எத்தனையோ நாள் என்னையே கேட்டாகிவிட்டது. பெரிய காரணமெல்லாம் கிடையாது. எனக்கு முன்னால் பேசிய பதினோரு பேரும் என்னைக் கிழவனாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வாக்கியம் சொன்னதும் கிளி நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாவதுக்கு மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார். நான் நாலு வீட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டிருந்தேன். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு உதவிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே ருசித்தது. கடைசியில் மிச்சமிருந்தது ஃப்ரோதார், தேய்ப்பது. அதற்கும் ஒன்று என்னிடம் இருந்தது. சோப்புத் தண்ணீரில் விரல்கள் வெடித்துப் போகும், ராத்திரி சமையலறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து வெடிப்புகளில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். மெழுகுக்கு மட்டும் அகராதி பார்க்க வேண்டியிருந்தது.

மிஸ்ஸின் கண் கலங்கிவிட்டது. கிளி வாயைத் திறக்கவில்லை. நாலு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கமில்லாமல் நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

வெட்கம் அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் வந்தது. ஒருவன் தன் அக்காளின் விரலைத் திருடிக்கொண்டு வந்து கைதட்டல் வாங்குவானா என்று நினைத்தபோது காது மடல் வரைக்கும் சுட்டது. சரி, பன்னிரண்டு பேருக்கு மேல் யாருக்கும் தெரியாது, போய்த் தொலையட்டும் என்று மனதை ஆற்றிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துச் சான்றிதழ் கொடுக்கும் விழா என்று அறிவித்தார்கள். சனிக்கிழமை நாலு மணி, கீழே காட்சிக்கூடத்தில், மெஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டு. குடும்பத்தோடு வரலாம். ஒருவர் ஸ்பானிஷில் பேச வேண்டும், மிஸ் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். எதைப் பேச வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார். அந்தப் பத்து வாக்கியம். குடும்பத்தாருக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு கிளி அதைத் தமிழில் வாசிப்பாளாம்.

மிஸ்ஸிடம் போய், வேறு ஏதாவது பேசுகிறேனே, வாஷிங் மெஷின் பராமரிப்பு பற்றிப் பேசுகிறேனே என்று கெஞ்சினேன். உங்கள் தன்னடக்கம் எனக்குத் தெரியும் சார் என்று சொல்லிவிட்டார். தன்னடக்கமாம். வீட்டுக்குப் போய் மனைவியிடம், அது சும்மா ஆபீஸ் கூட்டம், வந்தால் போரடிக்கும், வர வேண்டாம் என்றேன். அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "உங்க அக்காவுக்கும் சொல்லிட்டேன். தம்பி ஸ்பானிஷ் பேசப் போறான்னு சொன்னதும் ஒரே சந்தோஷம். லீவு போட்டுட்டு வர்றாங்க" என்றாள்.

அக்கா ஒரு பெண்கள் விடுதியில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதலில் எனக்காக என்றாள், அப்புறம் அம்மாவுக்காக என்றாள், அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. விடுதிப் பெண்களை விட்டுவிட்டு அவள் ஒரு சனிக்கிழமை லீவு எடுத்ததாக எனக்கு நினைவே இல்லை. ஊழியர் சலுகையில் நான் வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷின் அவள் அறையில் ஆறு வருஷமாக உறை பிரிக்காமல் நிற்கிறது. அதன் மேல் கடிகாரம் வைத்திருக்கிறாள். துணியைக் கையால்தான் துவைக்கிறாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருந்த யோசனை ஒன்றே ஒன்று. மேடையில் 'யோ'வை எடுத்துவிட்டு 'மி எர்மானா' என்று சொல்லிவிடுவது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை, முதல் சொல்லை மட்டும் மாற்றினால் போதும். கிளி தமிழில் தடுமாறுவாள், மிஸ் முழிப்பார், நான் மைக்கைப் பிடித்து, இது என் அக்காவின் கதை, அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று சொல்லிவிடுவேன். கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை ஒத்திகையும் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நான் பெரிய வீரன்.

சனிக்கிழமை அக்கா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவிக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள், பரீட்சைக்குப் போகும்போது ஆட்டுவாளே, அதே மாதிரி. நான் மைக் முன்னால் நின்றேன். முதல் வரிசையில் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். மிஸ் சிரித்தார். என் நாக்கு அதுவாகத் தன் வழக்கமான இடத்துக்குப் போனது. 'யோ' என்றேன்.

"நான் நாலு வீட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்" என்று கிளி கணீரென்று வாசித்தாள்.

அக்காவின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று இருந்தேன். மூன்றாவது வாக்கியத்தில் பார்த்துவிட்டேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. வேறு யாருக்கோ வந்த கடிதத்தைத் தவறிப் பிரித்துவிட்டவள் போல உட்கார்ந்திருந்தாள். என் மனைவி அவள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள், அக்கா பேசாமல் இரு என்பது போல அவள் முழங்காலில் கை வைத்தாள். நான் மீதியையும் சொல்லி முடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. மெழுகு வாக்கியத்தைக் கிளி வாசித்தபோது அவள் குரலே கம்மிவிட்டது. அந்த இடத்தில் அக்கா மடியிலிருந்த தன் கையைக் குனிந்து பார்த்தாள்.

கை தட்டி ஓய்ந்த பிறகு மேலாளர் எழுந்தார். இப்படிப்பட்ட உழைப்பாளியோடு வேலை செய்வது தனக்குப் பெருமை என்று ஆரம்பித்து என்னென்னவோ பேசினார். அப்புறம் இவருடைய அக்கா வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று சொல்லி, மைக்கை எடுத்துக்கொண்டு நேராக இரண்டாவது வரிசைக்கே போய்விட்டார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. தம்பி சின்ன வயசுல இவ்வளவு கஷ்டப்பட்டாரா?"

அவள் எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. நான் மனதுக்குள், சொல்லிவிடு அக்கா, இல்லை என்று சொல்லிவிடு, என்னை இங்கேயே நாறடித்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். அதையும் அவள்தான் எனக்காகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தேன் பாருங்கள்.

"ஆமாங்க" என்றாள். "ரொம்பக் கஷ்டப்பட்டான்."

மறுபடி கை தட்டினார்கள்.

விழா முடிந்து மனைவி மிஸ்ஸோடு பேசிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் கூடப் போனேன். சான்றிதழைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன், அதை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. போக்குவரத்து விளக்குக்கு நின்றபோது நான்தான் ஆரம்பித்தேன். அக்கா, அது வந்து, ஒரு பேச்சுக்காக, சீட்டு அப்படி வந்துவிட்டது என்று வாயில் வந்ததையெல்லாம் உளறினேன்.

"விடுடா" என்றாள். "யார் தொவைச்சா என்ன. துணி வெளுத்துச்சுல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவள் இப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இத்தனை வருஷமாக இவளைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மன்னிச்சிடுக்கா என்றேன். சரி சரி, ரோட்டில் நின்று மூக்கைச் சிந்தாதே என்றாள். பழைய அக்காவாகவே இருந்தாள். என் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. தப்பித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கைப்பையிலிருந்து பஸ் அட்டையை எடுத்தாள், மறுபடி உள்ளே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்டா. அந்த மெழுகு. அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே."

நான் சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா பாத்தா அழுவாங்கன்னுதான் கதவுக்குப் பின்னாடி போய் உக்காருவேன். அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

அந்த வீட்டில் சமையலறைக் கதவு சட்டத்தில் சரியாகப் பொருந்தாது. கீலுள்ள பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி உண்டு. என் மேஜை அதற்கு நேர் எதிரில். நான் புத்தகத்திலிருந்து கண்ணை உயர்த்தினால் அவள் கை தெரியும். விரலை ஒவ்வொன்றாக விரித்து, மெழுகைத் தேய்த்து, உதட்டைக் கடித்துக்கொள்வாள். நான் கண்ணைத் தாழ்த்திப் பக்கத்தைப் புரட்டுவேன். பக்கம் புரளும் சத்தம் கேட்டால் தம்பி படிக்கிறான் என்று அவள் நிம்மதியாக இருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும்.

"மேஜைல இருந்து தெரியும்க்கா" என்றேன். "கதவு இடுக்குல."

"ஒரு நாள் பாத்துட்டியா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். ஒரே ஒரு நாள் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். இத்தனை வருஷம் அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒன்றும் தெரியாத தம்பியை அவளிடமே திருப்பிக் கொடுக்க, எனக்கு அந்த ஒரு பொய் போதும். சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பாள். அன்றைக்கு அதற்கு மேல் ஒரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"ஒரு நாள் இல்லக்கா. தெனமும். பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அப்புறம் மிக மெதுவாக, "உனக்குத் தெரியாதுன்னுல்லடா நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

பஸ் வந்தது. அவள் எழுந்து ஏறினாள். எப்போதும் நான் நிற்கிற பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து, பஸ் திரும்பும் வரைக்கும் கையை ஆட்டுவாள். அன்றைக்கு இந்தப் பக்கம் மூன்று இருக்கை காலியாக இருந்தது. அக்கா அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.